தண்ணீரில் கார்பானிக் அமிலம்: வெற்றிலைச் சுண்ணாம்பும் ஒரு பாட்டில் சோடாவும் வைத்துப் படிப்படியாக

பர்மாவின் மோல்மீன் நகரத்தில் ஓட்டிலிருந்து வழியும் மழைநீரை ஜாடியில் பிடித்து ஆண்டு முழுக்கக் குடிக்கிற வீடுகள் உண்டு. சுண்ணாம்புக்கல் குன்றுகளை ஒட்டியிருக்கும் கிணற்றை நம்பி இருக்கிற வீடுகளும் உண்டு. முதல் வீட்டில் கெட்டிலின் உட்புறம் வருடக்கணக்கில் பளபளப்பாக இருக்கும். இரண்டாவது வீட்டில் சில மாதத்திலேயே வெள்ளைப் பொருக்குக் கட்டிவிடும். இரண்டு தண்ணீரும் ஒரே பருவமழையில் விழுந்தவைதான். விழுந்தபின் நடந்ததுதான் வேறு. நடுவில் வேலை செய்தது கார்பானிக் அமிலம்.

பள்ளிப் புத்தகத்தில் இது அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். 'கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலம் தரும், அது வலுவற்ற அமிலம்' என்று ஒரு வரி, ஒரு சமன்பாடு, அவ்வளவுதான். ஆனால் ஒரு தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகிறது: அது எந்தக் காற்றைத் தொட்டது, எந்தக் கல்லைத் தொட்டது? இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டுவது இந்த அமிலம்தான். பத்தாம் வகுப்பு மாணவரும், அவருக்குச் சொல்லித்தரும் ஆசிரியரும் வீட்டிலேயே செய்து பார்க்கும்படி கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், தண்ணீருக்குள் என்னென்ன இருக்கின்றன

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் இறங்கியதும் நான்கு வடிவங்களில் இருக்க முடியும். வாயுவாகவே கரைந்திருப்பது ஒன்று. தண்ணீர் மூலக்கூறு ஒன்றுடன் சேர்ந்து உண்மையான கார்பானிக் அமிலமாக இருப்பது இரண்டாவது. அந்த அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டால் பைகார்பனேட். இன்னொன்றையும் விட்டால் கார்பனேட். நான்கும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் நகரும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கரைந்த கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 600 மூலக்கூறுக்கு ஒன்றுதான் உண்மையில் அமிலமாக மாறியிருக்கும். மீதி எல்லாம் வெறும் வாயுவாகவே நீரில் இருக்கும். தனியாக எடுத்துப் பார்த்தால் கார்பானிக் அமில மூலக்கூறு வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைவிட வலுவானது. எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதால்தான் மொத்தக் கரைசல் வலுவற்றதாகத் தெரிகிறது. புத்தகங்கள் இரண்டையும் சேர்த்து ஒன்றாகவே கணக்கிடுகின்றன. நாமும் அப்படியே செய்வோம், வசதி கருதி.

வாயு அமிலமாக மாறுவதும் உடனடியாக நடப்பதில்லை. 25 டிகிரியில் பாதி மாறவே சுமார் 20 விநாடி ஆகும். நம் இரத்தம் நுரையீரலைக் கடக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. அதனால்தான் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் வேகமான வகைகளில் ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பத்து லட்சம் அளவில் இந்த மாற்றத்தைச் செய்து முடிக்கும். இந்த நொதி இல்லாமல் நம்மால் மூச்சுவிட்டு வாழ முடியாது.

எந்த வடிவம் எப்போது அதிகம் என்பதற்கு இரண்டு எண்களை மனப்பாடம் செய்தால் போதும்: 6.35, 10.33. இவை பிஎச் எண்கள், அதாவது நீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் அளவு: 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். பிஎச் 6.35-க்குக் கீழே கரைந்த வாயுதான் அதிகம். இரண்டுக்கும் நடுவில் பைகார்பனேட் ஆட்சி. 10.33-க்கு மேலே கார்பனேட். கிணறு, ஆறு, கடல் எல்லாமே நடுப்பகுதியில்தான் இருக்கின்றன, ஆகவே இயற்கை நீர்களில் பெரும்பாலானவற்றில் பைகார்பனேட்தான் அதிகம்.

மழைநீரின் பிஎச்சைக் கணக்கிடுவோம்

சுத்தமான மழைநீரின் பிஎச் 7 என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அது தவறு. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டலாம்.

இன்றைய காற்றில் பத்து லட்சம் பங்கில் சுமார் 425 பங்கு கார்பன் டை ஆக்சைடு. அதாவது 0.000425 வளிமண்டல அழுத்தம். 25 டிகிரியில் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு லிட்டரில் 0.034 மோல் கரையும். இரண்டையும் பெருக்கினால் லிட்டருக்கு 0.0000145 மோல். இதை முதல் அயனியாக்க மாறிலியான 0.000000445-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 0.0000025 மோல் என்று வரும். அதன் பிஎச் 5.6.

ஆக, புகையோ ஆலையோ இல்லாத வானத்திலிருந்து விழுந்தாலும் மழை லேசாகப் புளிப்புதான். ஆனால் இந்தப் புளிப்பைத் தாங்கிப் பிடிக்க அதில் வேறெதுவும் இல்லை. ஒரு சிட்டிகை சாம்பல் விழுந்தாலே பிஎச் எங்கேயோ போய்விடும். 5.6 என்ற எண்ணைவிட இதுதான் முக்கியம். கடைசியில் இதற்குத் திரும்புவோம்.

சுண்ணாம்பு நீர் தயாரிப்பது

வெற்றிலைச் சுண்ணாம்புக்குப் பர்மாவில் பஞ்சமே இல்லை. தெருமுனை குன்யா (வெற்றிலை பாக்கு) கடையில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் சுண்ணாம்பு டப்பாவை எப்படி வைத்திருக்கிறார் என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேலே விரற்கடை அளவு தண்ணீர் நிற்கும். தண்ணீர் வற்றிவிட்டால் மேற்பரப்பு வெள்ளை ஓடாக இறுகிப்போகும், இலையில் தடவ வராது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பை மறுபடி கல்லாக மாற்றிவிடுகிறது. இந்தக் கட்டுரையின் பாதி வேதியியல் அந்த டப்பாவிலேயே நடக்கிறது.

நிறமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி எடுத்து, கொதிக்கவைத்து ஆறவைத்த மழைநீர் ஒரு லிட்டரில் கலக்குங்கள். மூடிபோட்ட பாட்டிலில் ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் தங்கும். மேலே கண்ணாடிபோல் தெளிந்து நிற்பதுதான் சுண்ணாம்பு நீர். லிட்டருக்கு சுமார் 1.6 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் அதில் கரைந்திருக்கும். எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் அதற்குமேல் கரையாது. தெளிந்த நீரை மட்டும் மெதுவாக வடித்து வேறு பாட்டிலில் நிரம்ப ஊற்றி மூடுங்கள்.

எச்சரிக்கை: இதன் பிஎச் 12.4. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகள் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். ஸ்ட்ராவில் ஊதச் சொல்லும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது.

ஆரத்தித் தண்ணீரில் மூச்சு

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை நம் வீடுகளில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் பிஎச் சுமார் 8.5-ஐத் தாண்டும்போது சிவப்பாக மாறுகிறது. ஆகவே அதைப் பிஎச் காட்டும் பொருளாகவே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு டம்ளர் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 200 மில்லி மழைநீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி தெளிந்த சுண்ணாம்பு நீர். இரண்டும் சிவக்கும். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதில் ஸ்ட்ரா வைத்து நிதானமாக ஊதிக்கொண்டே இருங்கள். ஊதிய டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளுக்குத் திரும்பும். நம் மூச்சில் சுமார் 4 சதவீதம் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு காரத்தை முறித்துவிட்டது. ஊதாத டம்ளரை ஏன் வைக்கிறோம் என்றால், கார நீரில் குர்குமின் தானாகவும் மெல்லச் சிதைந்து நிறம் மங்கும். பக்கத்தில் ஒப்பிட ஒன்று இருந்தால்தான் மாறியது மூச்சால் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

சுண்ணாம்பு விழுதை அப்படியே போட்டுவிட்டு ஊதினால் மாறாது. கரையாத சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும், ஊதுகிறவருக்கு மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

பால், தெளிவு, மறுபடி பால்

வீட்டில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சுண்ணாம்பு நீர் 10 மில்லி ஒரு கண்ணாடி டம்ளரில் எடுங்கள். சோடா உப்பு சேர்க்காத, வெறும் வாயு ஏற்றிய சோடா ஒரு பாட்டில், நன்றாகக் குளிர்ந்ததாக இருக்கட்டும். முதலில் கரண்டியால் துளித்துளியாகச் சோடாவை விடுங்கள். டம்ளர் பால்போல் வெளுக்கும். கரையாத கால்சியம் கார்பனேட் உண்டாகிவிட்டது, அதாவது சுண்ணாம்புக்கல். ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1750-களில் இந்த வெளுப்பை வைத்துத்தான் நாம் விடும் மூச்சிலும், புளிக்கும் கள்ளிலும், எரியும் கரியிலும் வருவது ஒரே வாயு என்று காட்டினார்.

இப்போது நிறுத்தாதீர்கள். மேலும் 100 மில்லி சோடாவை நுரைக்காமல் ஊற்றி மெல்லக் கலக்குங்கள். சில நிமிடத்தில் வெளுப்பு மறைந்து நீர் தெளியும். கல் எங்கேயும் போகவில்லை. மிச்சமிருந்த கார்பானிக் அமிலம் அந்தக் கார்பனேட்டோடு சேர்ந்து இரண்டு பைகார்பனேட்டாக மாறியது. கால்சியம் பைகார்பனேட் நீரில் நன்றாகக் கரையும்.

தெளிந்த நீரைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வையுங்கள். முதலில் குமிழிகள் பொங்கி வாயு வெளியேறும். கொதிக்கக் கொதிக்க நீர் மறுபடி வெளுக்கும். போன கல் திரும்பி வந்துவிட்டது.

பால் கட்டம் வெற்றிலைக்கடை டப்பாவின் மேலோடு. தெளிவுக் கட்டம் மழையில் கரையும் மலை. மறுபடி பால் கட்டம் கெட்டிலின் பொருக்கும் குகையின் கல்தூணும். மூன்றும் ஒரே டம்ளரில், பத்துப் பதினைந்து நிமிடத்தில்.

மூச்சால் ஊதினால் ஏன் தெளிவதில்லை

'சுண்ணாம்பு நீரில் தொடர்ந்து ஊதினால் வெளுப்பு மறையும்' என்று பாடத்தில் இருக்கும். பிள்ளைகள் தலை சுற்றும்வரை ஊதுவார்கள், மறையாது. தங்கள் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் தவறில்லை.

ஒரு தண்ணீர் எவ்வளவு கல்லைக் கரைத்து வைத்திருக்கும் என்பது அதற்குமேல் இருக்கும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 25 டிகிரியில் இப்படி வருகிறது. அந்த வாயுவே இல்லாத நீரில் லிட்டருக்குச் சுமார் 14 மி.கி. கால்சியம் கார்பனேட் கரையும். சாதாரணக் காற்றுப் பட்ட நீரில் சுமார் 50 மி.கி. 1 சதவீதம் இருந்தால் சுமார் 140 மி.கி. மூச்சுக் காற்றின் 4 சதவீதத்தில் 220 மி.கி. அளவில். வாயு முழுக்கக் கார்பன் டை ஆக்சைடாகவே இருந்தால் 640 மி.கி. சுற்றி. வாயு எட்டு மடங்கு கூடினால் கரையும் கல் இரண்டு மடங்குதான் கூடும். கனமூலக் கணக்கு அது.

இப்போது சுண்ணாம்பு நீரைப் பாருங்கள். அதிலுள்ள கால்சியம் முழுதும் கார்பனேட்டாக மாறினால் லிட்டருக்கு 2,000 மி.கி.-க்கு மேல் வரும். மூச்சால் 220-தான் கரைக்க முடியும். எத்தனை மணிநேரம் ஊதினாலும் மீதி அப்படியே நிற்கும். ஒரு பங்கு சுண்ணாம்பு நீரோடு பதினைந்து பங்கு மழைநீர் சேர்த்துவிட்டு ஊதச் சொல்லுங்கள், வெளுப்பு லேசாக வந்து பிறகு தெளியும். ஆசிரியர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே வகுப்பில் ஏமாற்றம் இருக்காது.

மலை கரையும் இடம்

மோல்மீனிலிருந்து சல்வீன் ஆற்றை ஒட்டி வடக்கே பாஅன் போகிறவர்கள் அந்தக் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். தட்டையான வயல் நடுவே செங்குத்தாக எழும் கரும்பாறைச் சுவர்கள், ஸ்வேகபின் மலை, உள்ளே நடந்து ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஏரிக்கரையில் வெளிவரக்கூடிய சதான் குகை. புவியியலாளர்கள் இந்தக் கல்லுக்கே மோல்மீன் சுண்ணாம்புக்கல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய பெர்மியன் காலக் கடலடியில் படிந்தது.

நேராக விழும் மழைக்கு லிட்டருக்கு 50 மி.கி. கரைக்கும் வலுதான் உண்டு. மண்ணுக்குள் இறங்கும்போது கதை மாறுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள்ளேயே மூச்சு விடுகின்றன. வெயிலும் ஈரமும் சேர்ந்த நம் பருவமழைக் காலத்தில் மண்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். வெளிக்காற்றைவிட இருபது, முப்பது மடங்கு. மலையைக் கரைப்பதற்கான அமிலத்தின் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதில்லை, காலடி மண்ணிலிருந்து வருகிறது. காட்டை வெட்டினால் குகைக்குள் சொட்டும் நீரின் வேதியியலும் மாறும்.

ஒரு தோராயக் கணக்கு. மோல்மீனில் ஆண்டு மழை 4,500 மி.மீ.-க்கு மேல். அதில் பாதி கல்லுக்குள் இறங்கி லிட்டருக்கு 150 மி.கி. கரைத்துக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரிலிருந்து ஆண்டுக்கு சுமார் 340 கிராம் கல். தடிமனாகச் சொன்னால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டில் 12 செ.மீ. ஒரு குகை உருவாக இந்த வேகம் தாராளம்.

குகைக்குள் கல்தூண் வளர்வது எப்படி? 'நீர் ஆவியாகிக் கல் மிஞ்சுகிறது' என்று பலர் சொல்லக் கேட்கலாம். ஆழமான குகைக்குள் காற்று ஈரத்தில் ஊறியிருக்கும், ஆவியாதல் மிகக் குறைவு. நடப்பது வேறு. மண்ணின் 1 அல்லது 2 சதவீதக் காற்றுக்குப் பழகிய நீர், அதைவிடக் குறைந்த கார்பன் டை ஆக்சைடு உள்ள குகைக் காற்றைத் தொட்டதும் வாயுவை விட்டுவிடுகிறது. விட்டதும் அவ்வளவு கல்லைத் தாங்க முடியாமல் இறக்கிவைக்கிறது. அடுப்பில் நாம் பார்த்ததேதான், சூடு இல்லாமல்.

டீக்கடை கெட்டில்

கெட்டிலில் இரண்டு காரணம் சேர்கின்றன. சூட்டில் வாயு ஓடிவிடுகிறது, கால்சியம் கார்பனேட்டும் சூடான நீரில் குளிர்ந்த நீரைவிடக் குறைவாகவே கரையும். இந்தப் பொருக்கு உடம்புக்குக் கெடுதல் அல்ல, ஆனால் விறகையும் மின்சாரத்தையும் தின்னும். போக்குவதற்கு வினிகர்தான் என் சிபாரிசு. ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர், லேசாகச் சூடாக்கி அரைமணி நேரம். புளியும் கரைக்கும், ஆனால் அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து அதிகம் கரையாத உப்பொன்றை உண்டாக்கும், கடைசியில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வினிகரில் உண்டாகும் கால்சியம் அசிடேட் முழுக்கக் கரைந்து போய்விடும்.

கொதிக்கவைத்தும் போகாத கடினத்தன்மை இருந்தால் அது சல்பேட், குளோரைடு வகை. அதற்கும் கார்பானிக் அமிலத்துக்கும் தொடர்பில்லை.

பிஎச் மட்டும் பார்த்து ஏமாறாமல் இருக்க

பிஎச் காட்டும் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. கிணற்றிலிருந்து இறைத்தவுடன் அளந்தால் 7 காட்டும் நீர், அகலமான பாத்திரத்தில் ஒருநாள் வைத்தபின் 8-ஐத் தாண்டிக் காட்டலாம். கருவி கெட்டுப்போகவில்லை, தண்ணீரில் யாரும் எதையும் கலக்கவும் இல்லை. மண்ணுக்குள் வாங்கிவந்த வாயுவைக் காற்றில் விட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆகவே கிணற்று நீரை அளப்பதானால் கிணற்றடியிலேயே, இறைத்த கையோடு அளக்க வேண்டும்.

இன்னொன்று, பிஎச் ஒரு நீரின் இப்போதைய நிலையைத்தான் சொல்லும். அமிலம் சேர்ந்தால் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது காரத்தன்மை, பெரும்பாலும் பைகார்பனேட்டின் அளவு. அதைப் பார்க்க சங்குப்பூ போதும். வேலியிலிருந்து நீலச் சங்குப்பூ ஐந்தாறு பறித்துக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவையுங்கள். 200 மில்லி மழைநீர் ஒரு டம்ளர், 200 மில்லி கிணற்று நீர் ஒரு டம்ளர், இரண்டிலும் ஒரே அளவு பூச்சாறு. இப்போது எலுமிச்சைச் சாற்றை எண்ணி எண்ணிச் சொட்டவிட்டுக் கலக்குங்கள். மழைநீர் முதல் சில சொட்டிலேயே ஊதாவாகும். மலையடிக் கிணற்று நீர் பதினைந்து, இருபது சொட்டுவரை நீலத்தைவிட்டு அசையாது. சேரும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனியையும் பைகார்பனேட் பிடித்து, மறுபடி கார்பன் டை ஆக்சைடாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடுகிறது.

நம் இரத்தமும் இதே வழியில்தான் 7.4-இல் நிற்கிறது. கரைந்த வாயு ஒரு பங்குக்குப் பைகார்பனேட் இருபது பங்கு. ஓடி முடித்து மூச்சிரைக்கும்போது நாம் வெளியேற்றுவது தசைகள் கூட்டிய அந்தக் கார்பன் டை ஆக்சைடைத்தான்.

பள்ளியில் ஆய்வகம் இருந்தால் எண்ணாகவே எடுத்துவிடலாம். 100 மில்லி நீரில் இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு விடுங்கள். பியூரெட்டில் 0.02 நார்மல் கந்தக அமிலம். மஞ்சள் மறைந்து இளஞ்சிவப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 10 மி.கி. காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில். ஓட்டிலிருந்து பிடித்த மழைநீர் ஒரு மில்லிக்குள் முடிந்துவிடும். சுண்ணாம்புக்கல் கிணற்று நீருக்கு 15, 20 மில்லி போகலாம். சிமெண்டுத் தொட்டியில் நின்ற மழைநீரையும் சேர்த்து அளந்து பாருங்கள். அது தொட்டிச் சுவரையே கொஞ்சம் கரைத்து எடுத்திருக்கும், பிடித்தவுடன் ஜாடியில் வைத்த மழைநீரைவிட எண் கூடுதலாக வரும். மழைநீருக்குச் சுட்ட மண் ஜாடி ஏற்றது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்: அதில் கரைய சுண்ணாம்பு இல்லை.